விடுதிக்கு இடம் பார்த்தது

டிகிரி என்று அவனை முதலில் கூப்பிட்டது அண்ணன்தான். பரீட்சை முடிவு வந்த அன்று அண்ணன் மரவாடியில் லாரியிலிருந்து கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து பாஸ் என்றதும் தோளில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, "டேய், வழி விடுங்கடா, டிகிரி வருது, டிகிரி வருது!" என்று கத்தினான். சாயங்காலத்துக்குள் லைன் வீடு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவன் பள்ளிக்கூட வாத்தியாராகி, ஹெட்மாஸ்டராகி, தலை நரைத்த பிறகும் அங்கே அவன் டிகிரிதான். "டிகிரி சௌக்கியமா?" "டிகிரிக்கு ஒரு டீ போடு, சர்க்கரை கம்மியா." அந்த வரிசையில் அவனுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பின்னாலும் நெடுநாள் மிதிக்கவில்லை.

இத்தனைக்கும் காலேஜ் பக்கத்திலேயே இருந்தது. அதன் பின்சுவரை ஒட்டித்தான் லைன் வீடுகள். எப்போதோ மூடிப்போன நூல் மில் தன் ஆட்களுக்காகக் கட்டிப்போட்ட ஓட்டு வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வாசலில் ஒரு சிமெண்டுப் படி. மில் போன பிறகு அதன் வாரிசுகளுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு மரவாடிக்காரர்கள், ஒரு தையல்காரி, லாரி கிளீனர்கள், காலேஜில் கேன்டீன் நடத்துகிறவர் என்று பலரும் குடியிருந்தார்கள். காற்று மரவாடிப் பக்கமிருந்து திரும்பினால் மரத்தூள் வந்து சோற்றில் விழும். யாரும் அதற்காகக் கதவை மூடியதில்லை. மூடினால் உள்ளே வெந்துபோவார்கள்.

தம்பியைப் படிக்கவைக்க அண்ணன் தன் படிப்பை விட்டான் என்றெல்லாம் கதை எதுவும் கிடையாது. அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, மரம் பிடித்திருந்தது. "அவன் புத்தகத்தப் பிரிச்சா எனக்குத் தூக்கம் வருது. நான் கட்டையத் தூக்கினா அவனுக்கு மயக்கம் வருது. கடவுள் ஆளப் பாத்துதான் வேலை கொடுத்திருக்கான்" என்பான். அதனால் இருவருக்கும் நடுவில் நன்றி, கடமை என்ற பாரம் எதுவும் இல்லை. டிகிரி கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுக்கு வந்து, அண்ணனோடு படியில் உட்கார்ந்து பேசிவிட்டு, அண்ணி போடும் முட்டையையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.

அண்ணி காலேஜ் பிள்ளைகளின் துணிகளுக்கு இஸ்திரி போடுபவள். காலையில் கேன்டீன்காரர் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து போடுவார், சாயங்காலம் எடுத்துப் போவார். நாள் முழுக்க அந்த வீட்டில் கரி வாசனையும் சூடான துணி வாசனையும் இருக்கும். ஒரே மகள். வீட்டில் வாலு என்று கூப்பிட்டார்கள். டிகிரியின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அங்கே மற்றப் பிள்ளைகளைப் போல அவனை சார் என்பாள். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா.

விடுதி வேண்டும் என்ற எண்ணம் டிகிரிக்கு ஒரு மாணவியால் வந்தது. அவனிடம் கணக்குப் படித்து, பள்ளிக்கே முதலாவதாக வந்து காலேஜில் சேர்ந்த பெண். இரண்டு பஸ் மாறிப் போய்வர வேண்டும். வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். இரவில் விளக்கைப் போட்டால் ஷிப்டு முடிந்து தூங்குகிற அப்பாவுக்கு எரிச்சல், விடிந்தால் தம்பி தங்கைகளுக்குச் சோறு. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒருநாள் பள்ளிக்குப் போகிற வழியில், மாத்திரை கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் சிக்னலில் நின்றபோது ஜன்னலோரம் அவளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் போன பிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிய பிறகுதான் நகர்ந்தான்.

அந்த வருஷம்தான் முதன்முதலாக முன்னாள் மாணவர் சங்கத்தின் மதியச் சாப்பாட்டுக்குப் போனான். அதுவரை அழைப்பு வந்தாலும் போனதில்லை. அங்கே எல்லாரும் தங்கள் ஹாஸ்டல் நாட்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த அறை, யார் பாட்டுப் பாடினான், எந்த வார்டனின் செருப்பை ஒளித்துவைத்தார்கள் என்று. "நீங்க எந்த பிளாக் சார்?" என்று ஒருவர் கேட்டார். "நான் சுவருக்கு அந்தப் பக்கம்" என்றான். நல்ல ஜோக் என்று நினைத்து அவர் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டபோது டிகிரி எழுந்தான். இருக்கிற ஹாஸ்டல் காசு கட்ட முடிந்தவர்களுக்கு. வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டுவோம், கட்டணம் இல்லாமல், என்றான். கை தட்டினார்கள். அடுத்த வருஷமும் சொன்னான், அதற்கடுத்த வருஷமும் சொன்னான். கைதட்டல் குறைந்துகொண்டே வந்தது. அவன் உள்ளே நுழைந்தாலே "ஹாஸ்டல் வந்துட்டாருப்பா" என்று சிரித்தார்கள். அவன் விடவில்லை. நாற்காலி போட்டான், ஆட்களுக்குப் போன் செய்தான், யாரும் ஏற்காத செயலாளர் பதவியை ஏற்றான். கடைசியில் அவனோடு படித்து, இப்போது சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டர் ஒருநாள், "ஹெட்மாஸ்டர், உங்க தொல்லை தாங்கல. கட்டடச் செலவு என்னுது. இடம் உங்க பொறுப்பு" என்றார். டிகிரி அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான்.

இடம் பார்க்கக் கூடிய கூட்டம் காலேஜின் பழைய நூலக அறையில் நடந்தது. விளையாட்டு மைதானத்தைத் தொடக்கூடாது என்றார் பிரின்சிபல். முன்பக்கம் வணிக வளாகத்துக்கு என்றார் நிர்வாகத்து ஆள். அப்போது தலைவர் ஒரு வரைபடத்தை மேஜையில் விரித்துப் பென்சிலால் தட்டினார்.

"பின்னாடி சுவரை ஒட்டி அந்த மில் இடம் இருக்கே. வாரிசுங்ககிட்ட பேசியாச்சு. கொடுக்கத் தயார்."

"அங்க குடித்தனம் இருக்கு" என்றான் டிகிரி.

"தெரியும் சார். சும்மாவா அனுப்பப் போறோம்? ஆளுக்குக் கொஞ்சம் பணம், ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. இப்ப இருக்கறதவிட நல்லாவே இருக்கும்."

"என் அண்ணன் அங்கதான் இருக்கார்."

தலைவர் கனிவாகத்தான் சொன்னார். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. உங்க ஆளுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"வேற இடம் பார்க்கலாமே?"

"பார்க்கலாம். டாக்டர் எத்தனை வருஷம் காத்திருப்பாருன்னு நினைக்கிறீங்க? அவர் பசங்க இப்பவே முணுமுணுக்கறாங்க. இது போச்சுன்னா நம்ம ஆயுசுல ஹாஸ்டல் கிடையாது. நீங்களே சொல்லுங்க சார், வருஷா வருஷம் எழுந்து நின்னது யாரு?"

கேன்டீன்காரர் டீ கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். டிகிரியின் முன்னால் வைக்கும்போது கிளாஸ் லேசாகத் தட்டில் மோதியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேன் ஜன்னலில் திரும்பிக்கொண்ட முகம் நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டுப் படியும் நினைவுக்கு வந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். சுற்றிலும் கைகள் உயர்ந்தன. டிகிரியும் தூக்கினான்.

அடுத்த ஞாயிறு மழை. தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். லைன் வீட்டில் ஓட்டுக்கு ஓடு ஒழுகியது. அண்ணி இஸ்திரி மேஜையைச் சுவரோரம் தள்ளி, ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். மரம் அறுக்கும் வாளுக்குப் பக்கத்தில் நின்று நின்று மரத்தூள் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று, இப்போதெல்லாம் பலகை அடுக்குகிற வேலை மட்டும்தான் கொடுத்தார்கள். அதுவும் விடிகாலையில் மரவாடி வாசலில் முதலில் போய் நிற்கிறவனுக்குத்தான்.

"மழைல நனைஞ்சுட்டு வரணுமா? நாளைக்கு வந்தா ஆகாதா?" என்று அண்ணி துண்டைக் கொடுத்தாள்.

"டிகிரிக்கு ஜலதோஷம் பிடிச்சா நாட்டோட கல்வி என்னாகறது" என்றான் அண்ணன். சிரிப்பு இருமலில் முடிந்தது.

டிகிரி தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். துவட்டி முடித்தும் துண்டை இறக்கவில்லை.

"என்னடா, மூஞ்சியே சரியில்ல. சம்சாரத்தோட சண்டையா?"

"இல்லண்ணே. ஹாஸ்டல் விஷயமா."

"அதான் டாக்டர் ஒத்துக்கிட்டாருன்னு சொன்னியே?"

"ஒத்துக்கிட்டாரு. இடம்தான்..." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இந்த இடத்தைக் கேக்கறாங்க."

வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அண்ணி கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். அதை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

"எந்த இடத்தை?" என்றான் அண்ணன்.

"லைன் வீட்ட. முழுசா. மில்காரங்க வித்துட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேண்ணே. எங்க அண்ணன் இருக்காரு, கூடாதுன்னு சண்டையே போட்டேன். கேக்கல. நான் ஒருத்தன், அவங்க எல்லாரும் ஒண்ணா நின்னாங்க."

அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"சரி, விடு. நீ என்ன பண்ணுவ" என்றான்.

"ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு தராங்க. கொஞ்சம் பணமும் தராங்க. நான் பேசி இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேக்கறேன்."

"அங்க இஸ்திரிக்குத் துணி யாரு தம்பி கொடுப்பாங்க?" என்றாள் அண்ணி.

"ஏதாவது ஏற்பாடு பண்ணிடலாம் அண்ணி."

மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த வாலு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "காலேஜ் சேர்ந்தா எனக்கும் அந்த ஹாஸ்டல்ல இடம் கிடைக்குமா சித்தப்பா?"

"கண்டிப்பா. உன்ன மாதிரிப் பிள்ளைங்களுக்குத்தானே கட்டறோம்."

"அப்ப நம்ம வீட்ட இடிச்சுட்டு, அதே இடத்துல எனக்கு ஒரு கட்டில் போட்டுத் தருவீங்க. அப்படித்தானே?"

"ஏய், வாய மூடு" என்றான் அண்ணன். "சித்தப்பாவுக்கு ரொட்டி எடுத்து வை."

அன்று டிகிரி சாப்பிட்டான். அண்ணி வைத்த முட்டையை முழுதும் சாப்பிட்டான். சாப்பிடாமல் எழுந்தால் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

கோடை தொடங்கும்போது எல்லாரும் காலி செய்துவிட்டார்கள். தையல்காரி மட்டும் தலைவரின் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டாள். வாட்ச்மேன் கேட்டை மூடிக்கொண்டான். ரிங் ரோட்டுக்கு அப்பால் கொடுத்த வீடுகள் சிமெண்டு ஷீட் போட்டவை. பகலில் உள்ளே கை வைத்தால் சுடும். தண்ணீர் லாரியில் வரும், வராமலும் இருக்கும். அண்ணி ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடப் போனாள். அண்ணன் இருட்டோடு கிளம்பி நடந்துவந்தும் மரவாடி வாசலில் அவனுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். பல நாள் அப்படியே திரும்பி நடந்தான்.

டிகிரி போய்ப் பார்த்தான், ஆரம்பத்தில். பிறகு பரீட்சை நேரம், விடுதி வேலை, காண்டிராக்டர், பிளான் என்று ஒவ்வொரு ஞாயிறும் தள்ளிப்போனது. போகாமல் இருப்பதற்குக் காரணம் கிடைத்த ஒவ்வொரு முறையும் அவனுக்கு மூச்சு லேசானது. அதை அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

இடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பகலில், சங்கத்தார் இடத்தைப் பார்க்க வந்தார்கள். புகைப்படம் எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார்கள். டிகிரி சற்று முன்னதாகவே போய்விட்டான். வரிசையில் பாதி தரைமட்டமாகியிருந்தது. அண்ணன் வீடு இன்னும் நின்றது. அதன் கூரைமேல் ஒருவன் குந்தி உட்கார்ந்து ஓடுகளைக் கழற்றிக் கீழே நின்றவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். மூக்கில் துணி கட்டியிருந்தான். இருமும்போது தோள் குலுங்கிய விதத்தில்தான் டிகிரிக்கு ஆள் தெரிந்தது.

"அண்ணே! கீழ இறங்கு."

"யாரு? டிகிரியா? தள்ளி நில்லு. ஓடு விழும்."

"உனக்கு யாரு இந்த வேலையக் கொடுத்தா?"

"மேஸ்திரிதான். நல்ல மனுஷன். மரவாடியவிடக் கூலி ஜாஸ்தி, லேட்டா வந்தாலும் திருப்பி அனுப்பறதில்ல." அண்ணன் துணியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான். புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூள். "இன்னும் ஒரு வாரம் ஓடும்."

"தூசில நிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"தூசி இல்லாத எடத்துல எவன்டா எனக்கு வேலை கொடுக்கறான்? உன் ஆபீஸ்ல நாற்காலி போட்டுத் தர்றியா?"

"உன் வீட்ட நீயே இடிக்கணுமா அண்ணே?"

அண்ணன் ஒரு ஓட்டைத் தட்டித் தூள் உதிர்த்துக் கீழே கொடுத்தான். "வேற எவனாவது இடிச்சா மட்டும் நின்னுடுமா? உங்க அண்ணிக்குச் சொல்லல. நீயும் சொல்லாத. மரவாடிக்குத்தான் போறேன்னு நினைச்சுட்டிருக்கா."

"அண்ணே, இறங்கு. கூலி நான் தரேன்."

"இன்னிக்குத் தருவ. நாளைக்கு?" அதில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்பதுபோல் கேட்டான். பிறகு அவன் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தான். "தலைல என்னடா அது? முட்டை ஓடு மாதிரி."

பின்னாலிருந்து தலைவர் கூப்பிட்டார். "செயலாளர் சார், வாங்க, வெயில் போறதுக்குள்ள எடுத்துடுவோம்!" டிகிரி ஒரு நிமிஷம் நின்றான். "சாயங்காலம் வீட்டுக்கு வரேன்" என்றான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டான். அந்தப் புகைப்படம் பத்திரிகையில் வந்தது. சாயங்காலம் காண்டிராக்டரோடு பேச்சு நீண்டுவிட்டது. டிகிரி போகவில்லை.

மழைக்காலத்தில் அண்ணன் படுத்துவிட்டான். டிகிரிதான் டாக்டரிடம் சொல்லி அவருடைய ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தான். டாக்டர் ஒரு பைசா வாங்கவில்லை. தனி அறை கொடுத்தார், தினமும் இரண்டு முறை வந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நெஞ்சு முன்னாடியே பாதி போயிருந்திருக்கு" என்றார் வராந்தாவில். "கடைசியா ரொம்ப மோசமான தூசில இருந்திருக்கார். அதுதான் முடிச்சுவிட்டுருச்சு. எங்க வேலை பார்த்தார்?"

"மரவாடில" என்றான் டிகிரி.

அண்ணன் மூக்கில் குழாயோடு கிடந்தான். பேசினால் வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் பேசினான்.

"எத்தனை... மாடி?"

"எது அண்ணே?"

"ஹாஸ்டல்."

"மூணு."

"நம்ம வீட்டு மேல... மூணு மாடியா. தாங்குமாடா?" என்று கண்ணைச் சிமிட்டினான். டிகிரி சிரிக்க முயன்றான். முடியவில்லை. அண்ணன் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு எதுவும் இல்லை. அந்த வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

வாலு பள்ளியை முடித்திருந்தாள். நல்ல மார்க். ஆனால் அந்த வருஷம் காலேஜில் சேரவில்லை. அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போனாள். டிகிரி மனைவியிடம் பேசி, இருவரையும் தன் வீட்டுக்கே அழைத்துவந்துவிடுவது என்று முடிவு செய்தான். பின்பக்க அறையை ஒழித்து, சுண்ணாம்பு அடித்துவைத்த பிறகுதான் போய்ச் சொன்னான்.

அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். வாலு அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சம்சாரம் நல்லவங்க. சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி. "ஆனா நாங்க வரல தம்பி."

"ஏன் அண்ணி? இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

"இருக்கறதத்தான் பண்ணுவோம்." கொஞ்சம் பொறுத்து, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். கேக்கவா?"

"கேளுங்க."

"அன்னிக்கு அந்த மீட்டிங்குல நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எவ்வளவோ..." என்று தொடங்கினான். அந்த வாக்கியம் வாயில் தானாக வந்தது. வாலு கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கையத் தூக்கினேன் அண்ணி."

"ம்."

"வேற வழி இல்லாமத்தான்... இல்ல. வழி இருந்துச்சோ என்னவோ. நான் தூக்கினேன்."

"தெரியும்" என்றாள் அண்ணி. "அன்னிக்கே கேன்டீன்காரர் வந்து சொல்லிட்டாரு. நீங்க மழைல வந்தீங்களே, அதுக்கு முன்னாடியே எங்க மூணு பேருக்கும் தெரியும்."

டிகிரி நிமிர்ந்தான். "அண்ணன் ஒரு வார்த்தை கேக்கலியே?"

"எங்களையும் கேக்க விடல. 'அவன் வந்து ஏதாவது கதை சொல்லுவான். நம்பற மாதிரி உக்காந்திருங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டா அவனுக்கு வெக்கமாயிடும், அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான். எனக்கு இருக்கறது ஒரு தம்பி'ன்னாரு." அண்ணி வீங்கிய காலைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டாள். "நாங்களும் அப்படியே உக்காந்திருந்தோம். அப்படியும் நீங்க வரல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி அழவில்லை. அவளுக்கு அவனைத் தேற்றும் எண்ணமும் இல்லை. கிழங்கு வெந்து மூடி தடதடவென்று ஆடியது. வாலு இறக்கி வைத்தாள்.

"இவ காலேஜுக்குப் போகணும்" என்றாள் அண்ணி. "அந்த ஹாஸ்டல்லதான் இருக்கணும். உங்க சிபாரிசு வேண்டாம். அது எங்க இடம். இவளே போய்க் கேப்பா."

தெருமுனை வரை வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் டிகிரிக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. விடுதி முடிகிற சமயத்தில் தலைவர் தன் மச்சினன் மகளுக்கும், நிர்வாகத்து ஆள் தன் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்கும் இடம் கேட்டார்கள். இப்படியே போனால் யாருக்காகக் கட்டினோமோ அவர்களுக்கு ஒரு கட்டிலும் மிஞ்சாது என்று டிகிரி கூட்டத்தில் எழுந்து சண்டை போட்டான். உண்மையாகவே சண்டை போட்டான். குடும்பத்தில் முன்பு காலேஜ் படித்தவர் யாரும் இருக்கக்கூடாது, சித்தப்பா மாமா உட்பட. சங்கத்தாருக்குச் சொந்தமாகவும் இருக்கக்கூடாது. அவனே எழுதி, அவனே படித்து, எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைத்தான். எழுதும்போது வாலு நினைவு வராமல் இல்லை. அவள்தான் நம் வீட்டுக்கு வந்துவிடப் போகிறாளே என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பிப் போய் அண்ணியிடம் இதைச் சொல்லலாமா என்று நின்றான். பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.

சேர்க்கை அன்று விடுதி முழுக்கப் புதுப் பெயிண்டின் வாசனை. மூன்று மாடிக் கட்டடத்தின் முன்கூடத்தில் மேஜை போட்டு வார்டன் உட்கார்ந்திருந்தார். வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்த, கண்டிப்பும் சிரிப்பும் கலந்த அம்மாள். டாக்டர், தலைவர் எல்லாரும் மாலையில்தான் வருவார்கள். செயலாளர் என்ற முறையில் டிகிரி மட்டும் காலையிலிருந்தே மேஜைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பிள்ளைகளை வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு கட்டடத்துக்குள் முதல் தடவையாக நுழைகிறவர்கள். வழுக்கும் என்று பயந்து தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்கள். ஒரு அப்பா மாடிப்படிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அதையெல்லாம் பார்க்கையில் டிகிரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அவன் கேட்டது இதைத்தான்.

வரிசையில் வாலு நின்றாள். தகரப் பெட்டி ஒன்று, போர்வை மூட்டை ஒன்று. கூட யாரும் வரவில்லை.

அவள் முறை வந்தது. வார்டன் மார்க்கைப் பார்த்தார். "அடேயப்பா. ஒரு வருஷம் சும்மா இருந்தியா?"

"வேலைக்குப் போனேன் மேடம். அப்பா இறந்துட்டாரு."

"அடடா." வார்டன் குரலைத் தணித்துக்கொண்டார். "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதே. வீட்ல யாராவது காலேஜ் படிச்சவங்க இருக்காங்களா? சித்தப்பா, பெரியப்பா, மாமா?"

வாலு வார்டனைப் பார்க்கவில்லை. நேராக டிகிரியைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல மேடம்."

"சங்கத்துல சொந்தக்காரங்க?"

"இல்ல."

வார்டன் அவள் பார்வை போன திசையைக் கவனித்துவிட்டார். "சாரைத் தெரியுமா உனக்கு?"

"எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர்."

"அப்படியா சார்? உங்க ஸ்டூடண்டா?" வார்டன் சிரித்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பினார். "சொந்தம் கிந்தம் எதுவும் இல்லையே? அப்புறம் நீங்க போட்ட விதில நீங்களே மாட்டிப்பீங்க."

சொந்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு இங்கே கட்டில் இல்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும், சலவைக்கூடத்துக்கு. அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அவன் என்ன சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இல்ல மேடம்" என்றான் டிகிரி. "சொந்தம் எதுவும் இல்ல. ஸ்டூடண்ட்தான்."

"தரைத்தளம், பின்பக்கம் கடைசி அறை" என்று வார்டன் சாவியைக் கொடுத்தார். "ஜன்னலத் தொறந்தா நல்ல காத்து வரும். கொஞ்சம் மரத்தூள் வருதுன்னு சொல்றாங்க, பாத்துக்கோ."

வாலு சாவியை வாங்கிக்கொண்டாள். மூட்டையைத் தோளில் போட்டு, பெட்டியைத் தூக்கினாள். கனமாக இருந்திருக்க வேண்டும், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. டிகிரி தூக்கிவிட ஒரு அடி எடுத்துவைத்தான். அவள் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பரவாயில்ல. தேங்க்ஸ் சார்" என்றாள்.

வழுவழுப்பான தரையைப் பார்க்காமல் நேராக நடந்து போனாள். வார்டன் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது காலேஜ் படித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கத் தொடங்கினார்.